பழைய ஜீப் கியர்பாக்ஸ்: நாமே பிரிப்பதா, ரீகண்டிஷன் வாங்குவதா?

கேள்வி: "எங்களிடம் அப்பா காலத்து மஹிந்திரா ஜீப் இருக்கிறது. பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜின் மாட்டியிருக்கிறோம். கியர்பாக்ஸ் மட்டும் பழைய மூன்று கியர் பெட்டிதான். சுமையோடு இறக்கத்தில் வரும்போது இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ரீகண்டிஷன் பாக்ஸ் வாங்கி மாட்டச் சொல்கிறார் மெக்கானிக். அதை வாங்கினால் இந்த வருடக் காபிப் பணத்தில் பாதி போய்விடும். ஐ.டி.ஐ. படித்த தம்பி, 'நாமே பிரித்துப் பார்க்கலாம்' என்கிறான். எது சரி?"

- கொடைக்கானல் கீழ்மலைப் பகுதி வாசகர்

பதில்: முதலில் ஒன்று. இதைச் சரிசெய்யும்வரை அந்த வண்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள். உங்கள் மூன்று கியர் பெட்டி வில்லிஸ் ஜீப்போடு வந்த டி-90 வகை. அதில் இரண்டுக்கும் மூன்றுக்கும்தான் சின்க்ரோ உண்டு, முதல் கியருக்குக் கிடையாது. இறக்கத்தில் இரண்டு கழன்றால், ஓடுகிற வண்டியில் முதல் கியருக்குப் போவது சுலபமில்லை. என்ஜின் பிடிப்பு போய், பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். லீவரை டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டி ஓட்டுகிறவர்கள் மலையில் நிறையப் பேர். அதனால் நோய் தீராது, ஃபோர்க்கும் சேர்ந்து தேயும். பட்டறைக்குக் கொண்டு போவதாக இருந்தாலும், மேட்டிலேயே நிறுத்தி முதல் கியர் போட்டு இறங்குங்கள்.

வாங்குவதா, பிரிப்பதா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். பெட்டியை இறக்காமலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆயிலைச் சுத்தமான தட்டில் வடித்து, ஒரு காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவுங்கள். பித்தளைத் தூள் காந்தத்தில் ஒட்டாது. மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. காந்தத்தில் சில்லு சில்லாக இரும்பு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. அடுத்து, உட்காரும் இடத்துக்கு முன்னால் உள்ள தரைத்தகட்டைக் கழற்றி, லீவரோடு மேல்மூடியைத் தூக்குங்கள். டார்ச் அடித்தால் பல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அந்த மூடியில்தான் கியரைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும், ஃபோர்க் வளைந்திருந்தாலும் கியர் கழலும். செலவு அதோடு முடிந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

என்ஜின் மவுண்டிங் ரப்பர், கியர்பாக்ஸை பெல் ஹவுசிங்கோடு பிடிக்கும் போல்ட்டுகள் ஆகியவற்றையும் பாருங்கள். டீசல் என்ஜின் அதிர்வில் இவை தளர்ந்து, பெட்டி கோணலாக நின்றாலும் இதே தொல்லை வரும். எல்லா கியருமே 'கரகர' என்று விழுந்தால் சந்தேகப்பட வேண்டியது கிளட்சை. பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் நிற்கும்போது வரும் சத்தம் பெடலை மிதித்ததும் நின்றால், கியர்பாக்ஸுக்குள் உள்ள பேரிங். கிளட்ச் கோளாறுக்குக் கியர்பாக்ஸ் மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய பெட்டி பழைய இரும்புக்குப் போனது, சத்தம் வண்டியிலேயே இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் இறக்கத்தான் வேண்டும் என்றால், தம்பியை நம்பி இறக்கலாம். டிரான்ஸ்பர் கேஸும் சேர்ந்தே வரும், கையில் தாங்குகிற கனமில்லை. டிராலி ஜாக்கி கட்டாயம். வண்டியை மரக்கட்டைமேல் உறுதியாக நிறுத்திவிட்டு அடியில் போகச் சொல்லுங்கள்.

வீட்டில் பிரிக்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் கிளஸ்டர் கியர். அதற்குள் நீடில் ரோலர்கள் வரிசையாக இருக்கும். ஷாஃப்டை உருவினால் எல்லாம் கொட்டும். ஷாஃப்டைவிடக் கொஞ்சம் சன்னமாக, கிளஸ்டரின் நீளத்துக்கு ஒரு கட்டையோ குழாயோ வெட்டி வைத்துக்கொண்டு, அதைக் கொண்டே ஷாஃப்டைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். கட்டை உள்ளேயே நிற்க, ரோலர்கள் இடம் மாறாது. திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவி ஒட்டவைத்து, அதே கட்டையோடு உள்ளே இறக்கலாம். ரோலர்களை எண்ணி எழுதி வையுங்கள். ஒன்று பெட்டிக்குள் தங்கிவிட்டாலும் பல்லை உடைத்துவிடும்.

பிரித்த பிறகு இரண்டைப் பார்த்து முடிவெடுங்கள். ஒன்று, கிளஸ்டர் ஷாஃப்ட் உட்காரும் துளை. ஷாஃப்ட் அங்கே இறுக்கமாக உட்கார வேண்டும், கையால் ஆட்டினால் ஆடக்கூடாது. துளை நீள்வட்டமாகிவிட்டிருந்தால், எத்தனை புதுச் சாமான் போட்டாலும் பற்கள் நேராகச் சேராது. இரண்டு, கிளஸ்டரின் பற்கள். மூலை உடைந்தோ, குழி குழியாக அரித்தோ இருந்தால் அதற்கு மருந்தில்லை. இந்த இரண்டும் நன்றாக இருந்தால் பேரிங், சின்க்ரோ ரிங், நீடில் ரோலர், திரஸ்ட் வாஷர், ஆயில் சீல் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டு நீங்களே சேர்த்துவிடலாம். இரண்டாவது கியரின் ஸ்லீவும் ஹப்பும் தேய்ந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். இரண்டாவது கழல்வதற்கு அடிக்கடி காரணமாவது இவைதான். கிளஸ்டரும் துளையும் சேர்ந்து போயிருந்தால், நான் ரீகண்டிஷன் பக்கம்தான் நிற்பேன்.

அப்படி வாங்கும்போது, பெயின்ட் அடித்துப் பளபளக்கும் பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். மேல்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ஒவ்வொரு கியராகப் போட்டு, இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். உங்களுடையது என்ஜின் மாற்றிய வண்டி. ஆகவே இன்புட் ஷாஃப்டின் நீளமும், அதன் வரிப்பற்களும் உங்கள் கிளட்ச் பிளேட்டுக்குப் பொருந்த வேண்டும். சென்னை புதுப்பேட்டைக்குப் போனாலும் சரி, பக்கத்து ஊருக்குப் போனாலும் சரி, பழைய பெட்டியைக் கொண்டுபோய் அருகில் வைத்து அளந்து வாங்குங்கள். எக்ஸ்சேஞ்சுக்கு உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். புதிதாக மாட்டியது நாலு நடை சுமை ஏறி இறங்கட்டும், அப்புறம் பழையதைக் கொடுக்கலாம். 'ஆறு மாசம் கேரண்டி' என்பது பெட்டிக்கு மட்டுமா, இறக்கி ஏற்றும் கூலிக்கும் சேர்த்தா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

நாலு கியர் பெட்டி போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பெட்டியின் நீளம் மாறினால் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்ட வேண்டும், லேத்துக்கும் வெல்டிங்குக்கும் அலைய வேண்டும். காபிப் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது வேண்டாத வேலை.

பழம் பறிக்கும் சமயத்தில் பெட்டியைப் பிரிக்காதீர்கள். ஒரு சாமான் கிடைக்காவிட்டாலும் வண்டி நாள் கணக்கில் கட்டைமேல் நிற்கும், வாடகை ஜீப் செலவு மிச்சம் பிடித்த பணத்தைத் தின்றுவிடும். அறுப்பு முடிந்து தோட்டம் ஓய்ந்திருக்கும்போது தொடங்குங்கள். அதுவரை மூட்டைகளுக்கு வாடகை வண்டிதான்.

இன்னொரு வாசகர் கேட்கிறார்: "பழைய ஜீப் கியர்பாக்ஸுக்கு என்ன ஆயில்? விலை அதிகமானதை ஊற்றினால் நல்லதுதானே?"

விலையைப் பார்க்காமல் டப்பாவில் 'ஜி.எல்.-4' என்று இருக்கிறதா பாருங்கள். 80டபிள்யூ-90 போதும். 'ஜி.எல்.-5' கிரவுனுக்கு நல்லது. ஆனால் அதில் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மானங்கள் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் தனித்தனி பிளக். பிளக் துளையின் விளிம்புவரை ஆயில் நிற்க வேண்டும். ஒன்றில் குறைந்து மற்றதில் கூடினால், நடுவில் ஆயில் கசிகிறது என்று பொருள். அதை விட்டுவிட்டு மேலே மேலே ஊற்றாதீர்கள்.