“தகவல் இல்லை” என்பது ஒரு பதிலா?

2021-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களை நாட்டு மக்கள் மறந்துவிடவில்லை. ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. ஒரு பிராணவாயு சிலிண்டருக்காக மகன் ஒரு பக்கமும் மருமகன் ஒரு பக்கமும் ஊரெல்லாம் அலைந்தார்கள். இருந்த நகையை விற்றுச் சிலிண்டர் வாங்கிக்கொண்டு வந்தபோது நோயாளி உயிரோடு இல்லை என்ற கதை ஒன்றல்ல, இரண்டல்ல. சுடுகாடுகளில் இடம் போதவில்லை.

இது நடந்து இரண்டு மாதங்கள்கூட முழுதாக ஆகவில்லை. ஜூலை 20-ந் தேதி ராஜ்யசபையில் காங்கிரஸ் அங்கத்தினர் கே. சி. வேணுகோபால் ஒரு கேள்வி எழுப்பினார். இரண்டாவது அலையின்போது பிராணவாயு கிடைக்காமல் ஏராளமான நோயாளிகள் வீதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் மாண்டார்களா என்பதே கேள்வி.

சுகாதார இலாகாவின் ராஜாங்க மந்திரி பாரதி பிரவீண் பவார் எழுத்து மூலம் பதில் தந்தார். சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு. மாநிலங்கள்தான் மரணக் கணக்கை அனுப்புகின்றன. பிராணவாயு இல்லாமையால் இறந்ததாகக் குறிப்பிட்டு எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை. இதுதான் பதிலின் சாரம்.

இதைப் படித்தவர்கள் கொதித்தார்கள். பச்சைப் பொய் என்றார்கள். ஆனால் பதிலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். யாரும் சாகவில்லை என்று மந்திரி சொல்லவில்லை. செத்ததாக யாரும் எழுதி அனுப்பவில்லை என்றுதான் சொன்னார். பொய் சொன்னால் பிடித்துவிடலாம். தகவல் வரவில்லை என்று சொன்னால் யாரைப் பிடிப்பது? சர்க்காரின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது.

எழுதாத நோட்டுப் புத்தகம்

கர்நாடகத்தில் சாமராஜநகர் மாவட்ட ஆஸ்பத்திரியில் 2021 மே 2, 3 தேதிகளில் 24 நோயாளிகள் மாண்டார்கள். அதை ஆராய ஹைகோர்ட் ஏற்படுத்திய கமிட்டி, அங்கே பிராணவாயு பற்றாக்குறை இருந்ததை உறுதி செய்தது. கோவாவில் பிராணவாயு இல்லாமல் நோயாளிகள் இறந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை அதே மே மாதத்தில் பம்பாய் ஹைகோர்ட்டின் கோவா கிளையே கவனத்தில் எடுத்துக்கொண்டது. கோர்ட்டின் காதில் விழுந்த விஷயம் சுகாதார இலாகாவின் காதில் விழவில்லையாம்!

கண்டனம் கிளம்பிய பிறகு மத்திய சர்க்கார் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிற்று. 2021 டிசம்பர் 3-ந் தேதி சுகாதார மந்திரி மன்சுக் மாண்டவியா லோக்சபையில் அதன் பலனைச் சொன்னார். 19 மாநிலங்கள் பதில் அனுப்பின; அவற்றில் பஞ்சாப் மட்டும் சந்தேகத்துக்குரிய 4 மரணங்களைத் தெரிவித்தது. மத்தியில் ஆண்ட கட்சியைத் தினந்தோறும் தாக்கிப் பேசிய கட்சிகள் ஆண்ட மாநிலங்களும் இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டன. தங்கள் ஆஸ்பத்திரியின் லட்சணம் வெளியே வரக்கூடாது என்பதில் எல்லா சர்க்கார்களுக்கும் ஒரே கவலை. மத்திய சர்க்கார் மாநிலத்தைக் கை காட்டுகிறது. மாநில சர்க்கார் மரணச் சான்றிதழைக் கை காட்டுகிறது. சான்றிதழில் “மூச்சுத் திணறல்” என்று எழுதியிருக்கிறது. மூச்சு ஏன் திணறிற்று என்று எழுதுவதற்கு அதில் இடமில்லை.

அதற்கு முந்திய ஆண்டில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2020 செப்டம்பரில், ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் மாண்ட தொழிலாளிகள் எத்தனை பேர் என்று லோக்சபையில் கேட்டார்கள். அப்படி ஒரு கணக்கு வைக்கப்படவில்லை என்று தொழில் இலாகா பதில் சொல்லிற்று. கொரோனாவுக்குப் பலியான டாக்டர்கள், நர்ஸுகள் எத்தனை பேர் என்று ராஜ்யசபையில் கேட்டார்கள். சுகாதாரம் மாநில விஷயம், மத்தியில் அந்தக் கணக்கு இல்லை என்றார்கள். மறுநாளே இந்திய மருத்துவ சங்கம், இறந்துபோன 382 டாக்டர்களின் பட்டியலை வெளியிட்டது. ஒரு சங்கம் திரட்டக்கூடிய கணக்கை, அத்தனை பெரிய சர்க்கார் திரட்ட முடியாதா? முடியும். கணக்கு இருந்தால் நஷ்டஈடு கேட்பார்கள். கணக்கு இருந்தால் பொறுப்பு யார் என்று கேட்பார்கள். ஆகையால்தான் கணக்கு இல்லை.

கேட்கும் உரிமைக்கு வந்த கதி

கேள்வி கேட்பது சட்டசபை அங்கத்தினருக்கு யாரோ தயவாகக் கொடுத்த சலுகை அல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, 1892-ம் வருஷத்துச் சட்டம் கேள்வி கேட்கும் உரிமையை அளித்தது. பதில் திருப்தி தராவிட்டால் கேட்டவரே மேற்கொண்டு துணைக் கேள்வி கேட்கலாம் என்பது 1909-ம் வருஷத்துச் சட்டத்தில் வந்தது. வக்கீல் குறுக்கு விசாரணை செய்வது போன்றது துணைக் கேள்வி. அச்சடித்த பதிலை மந்திரி படித்துவிட்டு உட்கார முடியாது. எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

2020 செப்டம்பர் கூட்டத்தில் நடந்தது என்ன? கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்டது. எழுத்து மூலமான பதில்கள் மட்டும் மேஜையில் வைக்கப்பட்டன. துணைக் கேள்விக்கு வழியில்லை. 1975-ல் நெருக்கடி நிலையின்போதும் கேள்வி நேரத்துக்கு இதே கதி நேர்ந்தது. அன்னியன் ஆட்சி 1909-ல் ஒப்புக்கொண்ட உரிமையைச் சுதந்திர இந்தியாவின் சர்க்கார், நூறாண்டுகளுக்கு மேல் கழித்து, ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்த சமயத்தில் எடுத்து வைத்துவிட்டது.

பணத்தைப் பற்றிய கேள்விக்கும் இதே கதிதான். 2023 மார்ச் 23-ந் தேதி, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டை லோக்சபை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. சபையில் கூச்சலும் குழப்பமுமாக இருந்தது; அதன் நடுவே எல்லா இலாகாக்களின் மானியக் கோரிக்கைகளும் ஒரே வெட்டில் முடிந்தன. சுகாதார இலாகாவின் கோரிக்கையும் அவற்றில் ஒன்று. ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று அன்று ஒரு கேள்விகூட எழவில்லை. கூச்சலுக்கு யார் பொறுப்பு என்று கட்சிகள் தர்க்கம் செய்யட்டும். நஷ்டம் நோயாளிக்குத்தான்.

முன்கூட்டியே சொன்னார்கள்

சபையின் கேள்வியால் என்ன ஆகிவிடப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். சுகாதாரத்துக்கான பார்லிமெண்ட் நிலைக் கமிட்டி, ராம் கோபால் யாதவ் தலைமையில், 2020 நவம்பரிலேயே ஒரு அறிக்கை கொடுத்தது. பிராணவாயு உற்பத்தியைப் பெருக்குங்கள், சிலிண்டர் விலைக்கு உச்சவரம்பு கட்டுங்கள், சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் படுக்கைகள் போதாது என்று அதில் சொல்லியிருந்தது. இரண்டாவது அலைக்கு ஐந்து மாதங்களுக்கு முன்னால்! அந்த எச்சரிக்கையைக் காரியமாக்கியிருந்தால் எத்தனையோ வீடுகளில் இன்று விளக்கு எரியும். எச்சரிக்கை இருந்தது. நிறைவேற்றும்படி நிர்ப்பந்திக்கும் சக்திதான் இல்லை.

அதே கமிட்டி 2022 செப்டம்பரில், பிராணவாயு மரணங்களைச் சர்க்கார் மறுத்ததைக் கண்டு வருந்தியது. மாநிலங்களுடன் சேர்ந்து அந்த மரணங்களைத் தணிக்கை செய்யவேண்டும், குடும்பங்களுக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று சிபார்சு செய்தது.

மறைத்த கணக்கு என்றைக்கும் மறைந்தே கிடக்காது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் 47 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. சர்க்காரின் கணக்கோ ஐந்து லட்சத்துக்கும் குறைவு. ஸ்தாபனத்தின் மதிப்பீட்டை சர்க்கார் ஏற்க மறுத்தது. அப்புறம் 2025 மே மாதத்தில் சர்க்காரின் சொந்த ஜனன மரணப் பதிவேடே வெளிவந்தது. 2020-ல் பதிவான மரணங்கள் சுமார் 81 லட்சம். 2021-ல் சுமார் 102 லட்சம். ஒரே வருஷத்தில் 21 லட்சம் அதிகம்! இவை அத்தனையும் கொரோனா மரணங்கள் என்று நாம் சொல்லவில்லை. முன்னைவிட அதிகமான பேர் மரணத்தைப் பதிவு செய்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கணக்கு இல்லை என்று சொன்னவர்களின் அலமாரியிலேயே கணக்கு இருந்தது. அதை வெளியே எடுக்க நாலு வருஷம் பிடித்தது.

வாக்குறுதிகளின் வரலாறு

பணம் இல்லாத காரணத்தால் எவருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்ற கொள்கையை சர் ஜோசப் போர் கமிட்டி 1946-லேயே வகுத்தது. சுதந்திரத்துக்கு முந்திய அறிக்கை அது. பிறகு வந்த வாக்குறுதிகளைப் பாருங்கள். 2002-ம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை, 2010-க்குள் தேச வருமானத்தில் 2 சதவிகிதத்தை சர்க்கார் சுகாதாரத்துக்குச் செலவிடும் என்றது. 2004-ல் வந்த கூட்டணி சர்க்கார் 2 முதல் 3 சதவிகிதம் என்றது. 2017-ம் ஆண்டுக் கொள்கை 2025-க்குள் 2.5 சதவிகிதம் என்றது.

நடந்தது என்ன? 2013-14-ல் மத்திய, மாநில சர்க்கார்கள் எல்லாம் சேர்ந்து செலவிட்டது 1.15 சதவிகிதம். கொள்ளை நோய் தலைவிரித்தாடிய 2021-22-ல்கூட 1.84 சதவிகிதம். 2010-க்கு வைத்த குறியையே அப்போதும் எட்டவில்லை. கட்சிகள் மாறின, கெடு தேதிகள் மாறின, வாக்குறுதி மட்டும் வாக்குறுதியாகவே நின்றது.

மீதிச் செலவை யார் கொடுக்கிறார்கள்? அதே 2021-22-ம் ஆண்டு சர்க்கார் கணக்குப்படி, நாட்டின் மொத்த வைத்தியச் செலவில் 39.4 சதவிகிதத்தை ஜனங்கள் தங்கள் மடியிலிருந்து நேராகக் கொடுத்தார்கள். 2004-05-ல் இது 69.4 சதவிகிதமாக இருந்தது. குறைந்திருக்கிறது என்று சர்க்கார் பெருமைப்படுகிறது. குறைந்தது நல்லதுதான். ஆனால் நூறு ரூபாயில் நாற்பது ரூபாயை நோயாளியின் கையிலிருந்து பிடுங்குவது பெருமைக்குரிய விஷயமா? கூலிக்காரன் வீட்டில் அந்த நாற்பது ரூபாய் எங்கிருந்து வருகிறது? வட்டிக்கடையிலிருந்து வருகிறது.

இன்ஷூரன்ஸ் அட்டை கொடுத்திருக்கிறோமே என்பார்கள். 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் பொதுப் பணத்தின் பெரும் பகுதி தனியார் ஆஸ்பத்திரிகளுக்கே போய்ச் சேர்கிறது. 2023 ஆகஸ்டில் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. ஒரே டெலிபோன் நம்பரில் 7,49,820 பேர் பதிவாகியிருந்தார்கள் என்று அந்த அறிக்கை அம்பலப்படுத்தியது. மந்திரி வாயால் ஒருநாளும் வந்திராத தகவல் இது. ஏடுகளைத் திறந்து பார்க்கும் அதிகாரம் தணிக்கை அதிகாரிக்கு இருந்தது, தகவல் வந்தது. ஜனங்களின் பிரதிநிதிக்கு அதே அதிகாரம் ஏன் இருக்கக்கூடாது?

நம் கண்முன்னாலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. மதுரைக்கு எய்ம்ஸ் ஆஸ்பத்திரி என்று 2015 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த வாக்கு, 2018-ல்தான் தோப்பூரில் இடமாக முடிவாயிற்று. 2019 ஜனவரி 27-ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு பார்லிமெண்ட் கூட்டத்திலும் தமிழ்நாட்டு அங்கத்தினர்கள் கேட்டார்கள். ஜப்பானியக் கடனைக் காரணம் சொன்னார்கள். 2022-ல் மாணவர்களைச் சேர்த்தபோது, கட்டிடம் இல்லாததால் ராமநாதபுரத்தில் வைத்துப் பாடம் நடத்தினார்கள். கட்டிட வேலை தொடங்கியது 2024-ல். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடாமல் கேட்டதால்தான் விஷயம் குப்பைக் கூடைக்குப் போகவில்லை.

நாம் செய்யவேண்டியது

எந்தக் காரணத்தைக் கொண்டும் கேள்வி நேரத்தை ரத்து செய்யக்கூடாது. பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் சுகாதார மானியத்தை விவாதம் இல்லாமல் நிறைவேற்றக்கூடாது. “தகவல் இல்லை” என்று சொல்லும் மந்திரி, எந்தத் தேதிக்குள் தகவலைத் திரட்டிச் சபையில் வைப்பார் என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். நிலைக் கமிட்டியின் சிபார்சை ஏற்காவிட்டால் மந்திரி நேரில் வந்து காரணம் கூறவேண்டும். இவை நமது கோரிக்கைகள்.

ஆனால் சபைக்கு வெளியே இருக்கும் நமக்கும் கடமை இருக்கிறது. உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் எத்தனை டாக்டர் ஸ்தானங்கள் காலியாக இருக்கின்றன? எந்த மருந்து எத்தனை நாளாக இல்லை? வெளியே வாங்கிக்கொள் என்று எத்தனை பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்? தொழிற்சங்கமும் மாதர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் தேதியோடு இதைக் குறித்து வைக்கட்டும். அந்தக் காகிதத்தை உங்கள் சட்டசபை அங்கத்தினரிடம், அவர் எந்தக் கட்சியானாலும், கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த கூட்டம் முடிந்ததும் திரும்பப் போய், இதைக் கேட்டீரா, என்ன பதில் வந்தது என்று விசாரியுங்கள்.

2021-ல் பிராணவாயு இல்லாமல் இறந்தவர்களின் பெயர்கள் சர்க்கார் ஏட்டில் இல்லை. அவர்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் தெருவில் இருக்கின்றன. அடுத்த முறை “தகவல் இல்லை” என்று மந்திரி எழுந்து நின்று சொல்லும்போது, இதோ தகவல் என்று எடுத்து நீட்ட நம் பிரதிநிதியின் கையில் ஒரு காகிதம் இருக்கவேண்டும். அதை எழுதிக் கொடுக்கும் வேலை நம்முடையது.