வக்கீல் ஜோசப்பும் உசிலம்பட்டிச் சீமையின் நன்றியும்

மதுரை ஜில்லாவில் வக்கீல் தொழில் நடத்திப் பேரும் புகழும் பெரும்பொருளும் ஈட்டியவர்கள் எத்தனையோ பேர். மதுரைக் கலெக்டர் ஒரு கட்சியாகவும் சேதுபதி வாரிசு மறு கட்சியாகவும் நின்று நடத்திய இராமநாதபுரம் ஜமீன் சுவீகார வழக்கு, சமுத்திரம் கடந்து 1868-ஆம் ஆண்டில் லண்டன் பிரிவி கவுன்சிலில் தீர்ப்பாகி, சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றளவும் ஹிந்து சட்டப் பாடத்தில் படிக்கும் வழக்காக நிலைபெற்றுவிட்டது. ஆயினும் அவ்வழக்கில் இந்த நாட்டுக் கோர்ட்டுகளில் நின்று வாதாடிய வக்கீல்கள் யாவர் என்று கேட்டால், விடை சொல்லத் தெரிந்தவர் மதுரையில் ஒருவரேனும் அகப்படுவாரா என்பது ஐயமே. அதே மதுரையில் தொழில் நடத்திய இன்னொரு வக்கீலின் பெயரையோ, உசிலம்பட்டிச் சீமையில் எழுத்தறியாத குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கின்றன. தம் பிள்ளைகளுக்கு அதனைச் சூட்டவும் செய்தன. 'ரோசாப்பூ துரை' என்று அந்த ஜனங்களால் அழைக்கப்பட்ட ஜார்ஜ் ஜோசப் அவர்களைப் பற்றியும், அவருடைய ஸ்மரணைக்கு நாம் செய்யத் தவறிய காரியம் ஒன்றைப் பற்றியும் சில வார்த்தைகள் எழுதுவது அவசியம் என்று கருதுகிறேன்.

ஜோசப் மதுரைக்காரர் அல்லர், தமிழரும் அல்லர். திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் செங்கன்னூரில் 1887-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் எடின்பரோ சர்வகலாசாலையிலும் கல்வி கற்று, லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். பத்திரிகை உலகில் பெயர் பெற்ற போத்தன் ஜோசப் இவருடைய தம்பி. சென்னையில் சிறிது காலம் இருந்துவிட்டு மதுரைக்கு வந்து தொழில் தொடங்கிய இவர், விரும்பியிருந்தால் ஜமீன் வழக்குகளையும் செட்டிநாட்டுச் சொத்துப் பாகப்பிரிவினைகளையும் நடத்தி, வைகைக் கரையில் பங்களா கட்டிக்கொண்டு சுகஜீவியாக வாழ்ந்திருக்கலாம். அவர் நடந்த வழி வேறு. அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்துக்காக இங்கிலாந்தில் பிரசாரம் செய்யப் புறப்பட்டு, ஜிப்ரால்டரில் தடுக்கப்பட்டுத் திரும்ப நேர்ந்ததும், மதுரை ஹார்வி ஆலைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்ட முன்நின்றதும், 1919-இல் ரௌலட் சட்ட எதிர்ப்பை மதுரையில் தலைமை தாங்கி நடத்தியதும், மதுரைக்கு வந்த காந்தியடிகளைத் தம் இல்லத்தில் உபசரித்ததும், ஒத்துழையாமை இயக்கத்தில் வருமானம் மிகுந்த தொழிலை விட்டு, அலகாபாத்தில் மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டெண்ட்' பத்திரிகைக்கு ஆசிரியராகிச் சிறை சென்றதும், 1924-இல் வைக்கம் சத்தியாக்கிரகத்தில் கைதானதும் தேச சரித்திரத்தில் பதிவானவை. அவற்றை விரிக்கப் புகுந்தால் இக்கட்டுரை போதாது.

என் மனத்தில் நிற்பது, சரித்திர நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் அவருடைய வக்கீல் தொண்டு. அதை உணர்வதற்குக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். 1871-இல் வடநாட்டில் தோன்றி, 1911-இல் திருத்தி விரிவாக்கப்பட்டுச் சென்னை ராஜதானியிலும் நுழைந்த அந்தச் சட்டம், ஒரு மனிதன் குற்றம் செய்தானா என்று விசாரியாமல், அவன் இன்ன ஜாதியில் பிறந்தான் என்ற ஒன்றைக் கொண்டே அவனைக் குற்றவாளியென்று ஏட்டில் பதிந்தது. பதியப்பட்டவன் பத்து விரல் ரேகையையும் கொடுக்க வேண்டும். ஆகவே ஜனங்கள் அதனை 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினார்கள். மேற்கு மதுரைக் கிராமங்களில் வயது வந்த ஆண்கள் இரவில் போலீஸ் காவலுக்குட்பட்டு ஓரிடத்தில் கூடிப் படுக்கவும், வெளியூர் போவதாயின் ராதாரிச் சீட்டு எழுதி வாங்கவும் நேர்ந்தது. மனைவி பிரசவ வேதனையில் கிடந்தாலும், வயலில் நீர்ப்பாய்ச்சும் முறை நள்ளிரவில் வந்தாலும், ராத்திரி ஆஜர் தவறினால் தண்டனை. ரேகை வைக்க மறுத்து எதிர்த்து நின்ற சேடபட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸார் சுட்டதில், மாயக்காள் என்ற பெண்மணி உள்ளிட்ட 16 பேர் மாண்டனர்.

இந்தச் சட்டத்தில் வக்கீல்கள் கூர்ந்து நோக்கத்தக்க ஓர் அம்சம் உண்டு. ஒரு வகுப்பாரைக் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் அறிவித்துவிட்டால், அந்த அறிவிக்கையின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் வினவலாகாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். கோர்ட்டுக் கதவை அடைத்துவிட்டே குற்றம் சாட்டினார்கள் என்று பொருள். வக்காலத்தும் வாய்தாவும் மட்டுமே வக்கீல் தொழில் என்று நினைப்பவருக்கு இந்த இடத்தில் வேலை முடிந்துவிடும், "சட்டம் இப்படி இருக்கிறது, நான் என்ன செய்ய?" என்று கட்டைக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த கட்சிக்காரரைக் கூப்பிடலாம். ஜோசப் அவ்விதம் செய்யவில்லை. கோர்ட்டில் நுழைய எவ்வளவு இடம் இருந்ததோ அவ்வளவிலும் நுழைந்து அம்மக்களுக்காக வழக்காடினார், நுழைய இடமில்லாதபோது பத்திரிகைகளில் எழுதினார், மேடைகளில் பேசினார். தம்மைக் குற்றவாளிகள் என்று ஒரு சாம்ராஜ்யமே முத்திரை குத்தியிருந்த காலத்தில், கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த பாரிஸ்டர் ஒருவர் தங்களைச் சமானமாக உட்காரவைத்துப் பேச்சுக் கேட்டது அந்த மக்களின் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும் என்பதை, அவர்கள் அவருக்குச் செய்துவரும் மரியாதையைக் கொண்டே அனுமானிக்கலாம்.

1937-இல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜோசப், மறு வருஷமே, 1938 மார்ச் 5-ஆம் தேதி, ஐம்பது வயதில், மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் காலமானார். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை ராஜதானியில் ரத்தானது 1947-இல். அதாவது, தம் கட்சிக்காரர் ஜெயித்ததை அவர் காணவில்லை. முத்துராமலிங்கத் தேவர் முதலிய பலருடைய நீண்ட போராட்டமும் சேர்ந்தே அந்தச் சட்டம் ஒழிந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆயினும் மார்ச் 5-ஆம் தேதி வந்தால் மதுரையில் அவருடைய கல்லறைக்கு மாலையும் பூவுமாக வருகிறவர்கள், வழக்கின் முடிவு அவர் காலத்தில் வந்ததா, பிற்காலத்தில் வந்ததா என்று கணக்குப் பார்த்து வருவதில்லை. வேறு மதத்தவர், வேறு மொழியினர், வேறு சீமையில் பிறந்தவர். இரத்த சம்பந்தமோ ஜாதி சம்பந்தமோ இல்லாதவர். அப்படிப்பட்ட ஒருவருக்குக் கிராம ஜனங்கள் செய்யும் இந்த வருஷாந்தர மரியாதை, தென்னாட்டின் பொதுவாழ்வில் எனக்குத் தெரிந்த மிக உயர்ந்த காரியங்களில் ஒன்று.

என் குறை மற்றவர்களைப் பற்றியது. நன்றி செலுத்தும் பொறுப்பை உசிலம்பட்டிச் சீமையின் ஒரு வகுப்பார் தலையில் மட்டும் சுமத்திவிட்டு மதுரையும், மதுரையின் வக்கீல் சமூகமும் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கின்றன. குற்றப் பரம்பரைச் சட்டத்திலிருந்து விடுபட்டு, சீர்மரபினர் என்று இன்று சர்க்கார் ஏட்டில் குறிக்கப்படும் 68 வகுப்பாருக்கும் ஜோசப் செய்த வேலையில் பங்கு உண்டு. அதற்கு மேலாக, தொழில் என்ற முறையில் அவர் வக்கீல்களுக்கு உரியவர். மகாத்மாக்களுக்குச் சிலை வைப்பதும் படம் திறப்பதும் குற்றமல்ல. ஆனால் ஒரு வக்கீலை நினைவுகூர்வதற்கு மிகப் பொருத்தமான முறை, அவர் செய்த வேலையைச் செய்வதே என்பது என் திடமான அபிப்பிராயம். அவ்வேலைக்குத் தேவையும் குறைந்துவிடவில்லை.

ஒரு தாலுகா கோர்ட்டு வளாகத்தில் நான் கண்ட காட்சியைச் சொல்கிறேன். வேப்பமரத்தடியில் ஒரு கிழவி மஞ்சள் பையிலிருந்து நாலாக மடித்த பத்திரத்தை எடுத்து நீட்டினாள்; மடிப்புகளில் தாள் நைந்து வெளுத்திருந்தது. நடுவயது வக்கீல் ஒருவர், கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டே அதைப் படித்தார். முதல் தாளிலேயே 'கிரயப் பத்திரம்' என்று அச்சாகியிருந்தது. கிழவிக்குச் சொல்லப்பட்டிருந்ததோ அடமானம் என்று. "ஆத்தா, இதுல ரேகை வைக்கிறதுக்கு முந்தி யாராச்சும் படிச்சுக் காட்டுனாங்களா?" என்று அவர் கேட்டதற்கு, "எனக்கென்னய்யா தெரியும், அண்ணன் மகன் வைக்கச் சொன்னான், வச்சேன்" என்றாள். மோசம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் பத்திரத்தை ரத்துச் செய்யத் தாவா போட வேண்டும், அந்தக் கெடு தப்பினால் நிலமும் தப்பிவிடும் என்று அந்த வக்கீல் கால்மணி நேரம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவள் முந்தானையை அவிழ்க்கப் போனபோது கையமர்த்திவிட்டார். ரேகை வைப்பதற்கு முன் இந்தக் கால்மணி நேரம் அவளுக்குக் கிடைத்திருந்தால் தாவாவே வேண்டியதில்லை என்பதை எண்ணியபோது என் மனம் மிகவும் சஞ்சலப்பட்டது.

ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி என்பது நம் அரசியல் சாசனத்தில் 39-ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. அதற்கென 1987-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 1995 நவம்பர் 9 முதல் அமலில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமலே சர்க்கார் செலவில் வக்கீல் அமர்த்தித் தர வேண்டும் என்று அது விதிக்கிறது. மாவட்டந்தோறும் ஆணைக்குழு, வட்டந்தோறும் குழு. 15100 என்ற எண்ணில் தொலைபேசி உதவி. மக்கள் நீதிமன்றத்தில் வழக்குத் தீர்ந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஏட்டளவில் இவ்வளவும் செம்மையாகவே அமைந்திருக்கிறது. ஆனால் மேற்சொன்ன கிழவி, பெண் என்ற ஒரே காரணத்தால் தனக்கு இலவச வக்கீல் உரிமை உண்டென்பதை அறியாள். அவளுக்கு அதைச் சொல்ல வேண்டியவர்கள் கோர்ட்டு மதிலுக்குள் இருக்கிறார்கள், அவளோ ரேஷன் கடை வாசலில் இருக்கிறாள். வழக்கு முளைத்த பிறகு வக்கீல் தருவதில் நமது ஏற்பாடு ஓரளவு தேறியிருக்கிறது. வழக்கு முளைக்காமலிருக்க யோசனை சொல்வதில் அது இன்னும் பின்தங்கியே நிற்கிறது.

இதில் வக்கீல்களுக்குக் கடமை ஏதும் இல்லை, அது சர்க்காரின் பொறுப்பு என்று வாதிப்போர் உளர். அவர்கள் இந்திய பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளில் 46-ஆவதை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்; திக்கற்றவர்க்கும் ஒடுக்கப்பட்டவர்க்கும் தம் சக்திக்கு உட்பட்டு இலவசமாக உதவுவது, ஒரு வக்கீல் சமுதாயத்துக்கு ஆற்ற வேண்டிய மிக உயர்ந்த கடமைகளுள் ஒன்று என்றே அது கூறுகிறது. இளம் வக்கீல்கள் பலர் பஸ் செலவுக்கே திண்டாடுவதை நான் அறிவேன். அவர்களிடம் போய்த் தியாகம் செய்யுங்கள் என்று உபதேசிப்பது தர்மமாகாது. ஆதலின் சுமையைச் சங்கங்கள் ஏற்க வேண்டும். மூத்த வக்கீல்கள் தங்கள் வருமானத்தில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. மதுரை, உசிலம்பட்டி, திருமங்கலம் வக்கீல் சங்கங்கள் ஒன்றுகூடி, ஆண்டுதோறும் மார்ச் 5-ஆம் தேதி கல்லறையில் மாலை வைத்த கையோடு, பெருங்காமநல்லூரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் ஊராட்சி அலுவலகத்தில் பெஞ்சு போட்டு உட்கார வேண்டும். மூத்தவர் ஒருவர், இளையவர் இருவர், பத்திரம் படித்துக் காட்ட ஒரு குமாஸ்தா, இவ்வளவே தேவை. பட்டா, பாகப்பிரிவினை, கடன் பத்திரம், போலீஸ் விசாரணை ஆகியவற்றைப் பற்றிக் கேட்பவர்களுக்கு யோசனை சொல்லவேண்டும். கைதானவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும், புரோநோட்டுக்கு மூன்று வருஷக் கெடு என்பன போன்ற சங்கதிகளைத் தெளிந்த தமிழில் அச்சிட்டு ரேஷன் கடைச் சுவரில் ஒட்டவேண்டும். வருஷத்துக்கு ஒருநாள் என்று தொடங்கி, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை என்று வளர்க்கலாம். வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு இப்படி முகாம் நடத்த அதிகாரமும் உண்டு, கடமையும் உண்டு. சங்கங்கள் முன்வந்து கேட்டால் எந்த நீதிபதியும் மறுக்கமாட்டார் என்றே நம்புகிறேன். அடுத்த பொதுக்குழுவில் யாரேனும் ஒரு வக்கீல் எழுந்து இதற்கொரு தீர்மானம் கொண்டுவருவாராயின், கிராமங்களின் பட்டியலைத் தயாரிக்கவும் பெஞ்சுக்கு ஆள் சேர்க்கவும் மார்ச் வரை போதிய அவகாசம் இருக்கும்.