கண்டறியப்பட்டதாம்! கண்டறிந்தவர் யார்?

ஒரு வாக்கியத்தை முதலில் படித்துவிடுவோம்.

"வாகனத்தின் எரிபொருள் அமைப்பில் மாசு கண்டறியப்பட்டுள்ளதால், வாரண்டி விதிகளின்படி தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

ஆங்கிலத்தில் வந்த ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கும் வாக்கியம் இது, தமிழாக்கம் நம்முடையது. எழுதியது சரக்கு லாரிகள் விற்கும் ஒரு டீலர் நிறுவனம். பெற்றவர் நம் கல்லூரியில் இளங்கலைத் தமிழ் படித்து, வேலை தேடி நான்கு ஆண்டுகள் அலைந்து, பின்னர்த் தந்தையின் தொழிலுக்கே திரும்பிய நம் முன்னாள் மாணவர். கடன் பெற்று ஆறு சக்கர டீசல் லாரி ஒன்றை வாங்கினார். தாமே ஓட்டுகிறார், உடன் ஒரு கிளீனர். வாங்கிய பதினான்காம் மாதம், சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வடக்கே செல்கையில், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் இன்ஜின் நின்றது. பிறகு கிளம்பவே இல்லை. உயரழுத்த டீசல் பம்பும் இன்ஜெக்டர்களும் பழுது என்று கூறி, 3,40,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதி நீட்டினார்கள். வாரண்டிக் காலம் முடிய இன்னும் நெடுநாள் இருக்கிறதே என்று கேட்டதற்கு வந்த விடைதான் மேலே உள்ள வாக்கியம். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கத் தொடங்கி 68 நாள்கள் ஆகின்றன. மாதத் தவணை 52,000 ரூபாய். வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை.

இலக்கியம் பேசும் இவ்விடத்தில் லாரிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். லாரியைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி குறைவுதான். வாக்கியத்தைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி உண்டு. ஒரு குடும்பத்தின் பிழைப்பை முடக்கி வைத்திருப்பது பழுதான பம்பு மட்டுமன்று. எழுவாய் இல்லாத ஒரு வாக்கியமுமாகும் என்பதே நாம் இங்கே சொல்ல வருவது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியலில், ஒரு செயல் நிறைவுபெறத் தேவையானவை எட்டு என்று ஆசிரியர் வகுக்கிறார். செயல், அதைச் செய்பவர், அது யாதன்மேல் செய்யப்பட்டது, எவ்விடத்தில், எக்காலத்தில், எக்கருவியால், யார்பொருட்டு, என்ன பயன் கருதி என்பன அவை. வகுப்பறையில் மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மறந்துவிடுவதே வழக்கம். அதை இந்தக் கடிதத்தின் அருகில் வைத்துப் பார்ப்போம்.

'கண்டறிதல்' என்னும் செயல் நடந்ததாகக் கடிதம் கூறுகிறது. கண்டறிந்தவர் யார்? ஒர்க்‌ஷாப் மேஸ்திரியா, உற்பத்தி நிறுவனத்தின் பொறியாளரா, வெளி ஆய்வகமா? விடை இல்லை. எதைக் கண்டறிந்தார்? 'மாசு' என்கிறார்கள். தண்ணீரும் மாசு, மண்ணெண்ணெயும் மாசு, தூசியும் மாசு, இரும்புத் துகளும் மாசு. இவற்றுள் எது, எவ்வளவு? விடை இல்லை. எங்கிருந்து எடுத்த டீசலில்? டாங்கிலிருந்தா, ஃபில்டரிலிருந்தா, பிரித்துப் போட்ட பம்பின் வயிற்றிலிருந்தா? எந்த நாளில்? எக்கருவியைக் கொண்டு? ஒன்றுக்கும் விடை இல்லை. கடைசி இரண்டு மட்டுமே தெளிவாக இருக்கின்றன. யார்பொருட்டு எனில், பணம் கொடுக்க வேண்டியவர்பொருட்டு. என்ன பயன் எனில், அதைக் கொடுக்காமல் இருப்பது.

செயப்பாட்டு வினை நம் மொழியில் பழையது. அதற்கு உரிய பயனும் உண்டு. செய்தவர் யார் என்பது முதன்மையில்லாத இடத்தில் 'படு' என்னும் துணைவினை நமக்குக் கைகொடுக்கிறது. ஆனால் செய்தவர் யார் என்பதே வழக்கின் உயிராக இருக்கும் இடத்தில் அதே துணைவினை ஒளிந்துகொள்ளும் திரையாகிவிடுகிறது.

நிற்க. இயந்திரம் தொடர்பாகவும் சில கேள்விகள் உண்டு. இன்றைய டீசல் லாரிகளில் உள்ள பொதுக்குழாய் முறையில், உயரழுத்தப் பம்பு டீசலை 1,600 பார் முதல் 2,000 பார் வரையும் அதற்கு மேலும் அழுத்தி அனுப்புகிறது. லாரி டயரில் நாம் அடைக்கும் காற்று ஏறத்தாழ 8 பார் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். இந்தப் பம்புக்குள் உராய்வைத் தணிக்கத் தனி எண்ணெய் பெரும்பாலும் இல்லை. செல்லும் டீசலே அதற்கு மசகு. ஆகையால் தண்ணீரோ வேறு கலப்படமோ உள்ளே போனால் பம்பு தேயும் என்பது மெய். டீலர் தரப்பின் இந்த வாதத்தை நாம் மறுக்கவில்லை. நெடுஞ்சாலையோரத்தில் டிரம்மில் விற்கும் டீசலை மலிவு கருதி ஊற்றிவிட்டு வாரண்டி கேட்பவர்களும் உலகில் உண்டு, அதையும் மறுக்கவில்லை.

ஆயினும் இதன் மறுபக்கத்தை அந்தக் கடிதம் மறைக்கிறது. பம்பே தன் குறையால் உள்ளுக்குள் உராய்ந்து சிதைந்தால், அதன் இரும்புத் துகள்கள் டீசலோடு கலந்து, குழாய், இன்ஜெக்டர், திரும்பும் பாதை என்று எங்கும் பரவும். அப்போதும் 'எரிபொருள் அமைப்பில் மாசு' இருக்கத்தான் செய்யும். அந்த மாசு நோய்க்குக் காரணமன்று, நோயின் விளைவு. இது நம் கற்பனையில்லை. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு, ராம் என்னும் பெயருடைய டீசல் பிக்கப் வண்டிகளில் 2019, 2020 மாதிரிகளைச் சேர்ந்த 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உற்பத்தியாளரால் திரும்ப அழைக்கப்பட்டன. உயரழுத்தப் பம்பு உரிய காலத்துக்கு முன்பே செயலிழந்து, அதன் சிதைவுகள் எரிபொருள் அமைப்புக்குள் கலக்கக்கூடும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வண்டிகளுள் ஒன்றைத் திறந்து பார்த்து, 'மாசு இருக்கிறது, ஆகவே உரிமையாளர் ஊற்றிய டீசலே குற்றவாளி' என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அது எத்துணைப் பெரிய அநீதியாக இருந்திருக்கும்!

இரண்டையும் பிரித்தறிய வழி இல்லாமலும் இல்லை. தண்ணீர் புகுந்திருந்தால் துருவின் தடம் இருக்கும். ஃபில்டரோடு தண்ணீர் பிரிக்கும் கிண்ணமும், தண்ணீர் சேர்ந்தால் விளக்கெரியச் செய்யும் உணரியும் உள்ள வண்டியாயின், பிழைக் குறிப்புகள் கணினிப் பெட்டியில் பதிந்திருக்கக்கூடும். டாங்கில் எஞ்சிய டீசலை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1460இன்படி சோதித்தால், அது டீசல்தானா வேறொன்றா என்பது வெளிப்படும். டாங்கில் உள்ளது தூயதாகவும் பம்புக்கு அப்பால் உள்ளது இரும்புப்பொடி மிக்கதாகவும் இருந்தால், குறை எங்கே பிறந்தது என்று ஐயுறப் பெரிய அறிவு வேண்டாம். நம் மாணவர் இவற்றுள் ஒவ்வொன்றையும் கேட்டார். அறிக்கை தரவில்லை, மாதிரி காட்டவில்லை, கணினிப் பதிவின் நகலும் கிடைக்கவில்லை. ஃபில்டரைக் கடைசியாக மாற்றியதும் இதே ஒர்க்‌ஷாப்தான் என்பதற்கு மட்டும் அவர் கையில் பில் இருக்கிறது.

கலப்படம் என்ற குற்றச்சாட்டை அரசு எவ்வாறு கையாள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெட்ரோல், டீசல் முறைகேடுகளைத் தடுக்க நடுவண் அரசு 2005ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணையின்படி, ஒரு பங்கில் மாதிரி எடுக்கும் அதிகாரி அதை முத்திரையிட்டுக் கையொப்பமிட வேண்டும். ஒரு பகுதியைப் பங்க் உரிமையாளரிடமே கொடுக்க வேண்டும். ஒரு பகுதி துறையிடமோ எண்ணெய் நிறுவனத்திடமோ இருக்க வேண்டும். ஒரு பகுதி ஆய்வகம் செல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் கையிலும் ஒரு மாதிரி இருக்க வேண்டும் என்று அரசதிகாரத்தையே சட்டம் கட்டுப்படுத்துகிறது. அரசு அதிகாரிக்கு இல்லாத சலுகை லாரி டீலருக்கு எங்கிருந்து வந்தது? தானே சாட்சி, தானே ஆய்வாளர், தானே நீதிபதி, தீர்ப்பால் இலாபம் அடைபவரும் தானே என்றால் அதற்கு வாரண்டி என்று பெயரிடுவது வீண்.

பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்தை அறிந்தவர்கள், திருவெண்ணெய்நல்லூர் அவையை மறந்திருக்க மாட்டார்கள். மணப்பந்தலில் வந்து நின்று, சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்று முதியவர் ஒருவர் உரிமை கோருகிறார். வந்தவர் சிவபெருமான். அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக அவையோர் தலையசைத்துவிடவில்லை. சான்று கேட்டார்கள். சுந்தரர் கிழித்தது படியோலை, மூல ஓலை தம்மிடம் உண்டு என்று அவர் சொன்னபோது, அதைக் காட்டச் சொன்னார்கள். அதில் இருந்த கையெழுத்தைச் சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்பு வழங்கினார்கள். உரிமை கோரியவர் இறைவனே ஆயினும் ஆவணத்தைக் காட்டு என்று கேட்ட அவை அது. நாம் டீலரிடம் கேட்பதும் அந்த மூல ஓலையைத்தான்.

இனி அவர்களுடைய இரண்டாம் அரணுக்கு வருவோம். 'லாரி வணிகத்துக்கு வாங்கியது. ஆகவே நீ நுகர்வோர் இல்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது' என்று ஒர்க்‌ஷாப் மேலாளர் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இது பாதி உண்மை. பாதி உண்மைதான் மிகுந்த கேடு செய்வது. வணிக நோக்கில் வாங்குபவரைச் சட்டம் விலக்குகிறது. ஆனால், சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கென வாங்கித் தாமே பயன்படுத்துபவரை அந்த விலக்கிலிருந்து மீட்கும் விளக்கமும் அதே சட்டத்தில் உண்டு. கோவையைச் சேர்ந்த பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டு இதைத் தெளிவாக்கியது. அவ்வழக்கில் வாங்கிய நிறுவனம் நுகர்வோராக ஏற்கப்படவில்லை. ஆயினும் அத்தீர்ப்பே, தாமே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவரும் லாரி வாங்குபவரும் நுகர்வோரே என்று எடுத்துக்காட்டுத் தந்தது; உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அத்தகுதி போய்விடாது என்றும் கூறியது. இன்று நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அவ்விளக்கம் தொடர்கிறது. ஒரு கிளீனருடன் தாமே லாரி ஓட்டும் நம் மாணவருக்கு இதைவிடப் பொருந்தும் எடுத்துக்காட்டு உண்டா?

மொழி பற்றியும் ஒரு சொல் சொல்லாமல் விட நம்மால் இயலாது. விற்கும்போது சுவரொட்டி தமிழில்; விளம்பரம் தமிழில்; டீலரின் ஆள் வீட்டுக்கே வந்து பேசிய இனிப்பான பேச்சு தமிழில். வாரண்டியைப் பறிக்கும் நிபந்தனைகள் மட்டும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில். தமிழ் படித்துப் பட்டம் பெற்ற ஒருவருக்கே அந்தக் கையேட்டை வரி வரியாகப் பொருள் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளியைப் பாதியில் விட்டு ஸ்டியரிங் பிடித்தவர்கள் எதன் கீழே கையொப்பம் இடுகிறோம் என்று எவ்வாறு அறிவார்கள்?

இந்நிலையில் இருப்பவர்கள் செய்யத்தக்கவற்றையும் கூறிவிடுகிறோம். மறுப்பு வாய்மொழியாக வந்தால் ஏற்க வேண்டாம். எழுத்தில் கேட்க வேண்டும். பம்பைத் தம் முன்னிலையிலன்றிப் பிரிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிரித்துவிட்டால் பழைய உதிரிப்பாகங்களை ஒன்று விடாமல் பாதுகாக்கச் சொல்ல வேண்டும். டீசல் மாதிரியை இரு தரப்பும் முத்திரையிட வேண்டும். டீசல் போட்ட ரசீதுகளையும் சர்வீஸ் பில்களையும் எறியக் கூடாது. பின்னர் டீலர், உற்பத்தியாளர் இருவரையும் எதிர்த்தரப்பாக்கி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். வண்டி வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. சோதனையின்றி அறிய முடியாத குறையாயின், பொருளின் மாதிரியை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாள்களுக்குள் அறிக்கை கேட்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. முறையீட்டுக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள். முதற்கட்ட வழிகாட்டலுக்கு 1915 என்னும் தேசிய உதவி எண் இருக்கிறது.

வாரண்டி என்பது விற்றவர் கொடுத்த வாக்கு. வாக்குக் கொடுத்தவருக்கு அதிலிருந்து விலகும் உரிமையும் சில வேளைகளில் உண்டு என்பதை ஏற்போம். ஆனால் விலகுகிறவர்தாம் காரணத்தை மெய்ப்பிக்க வேண்டும். பணத்தை இழந்து, வருமானத்தை இழந்து, ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பவரிடம் 'உன் டீசல் தூயதென்று நீ காட்டு' என்பது, டீசலையும் பம்பையும் கணினிப் பெட்டியையும் தன் பூட்டுக்குள் வைத்துக்கொண்டவர் பேசத்தக்க பேச்சன்று.

ஆகவே அந்த டீலர் நிறுவனத்துக்கு நாம் வைக்கும் கோரிக்கை மிக எளியது. உங்கள் வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள். இன்னார், இந்நாளில், இவ்விடத்திலிருந்து எடுத்த டீசலில், இக்கருவியால், இன்ன மாசை, இவ்வளவு கண்டறிந்தார் என்று எழுவாயோடு எழுதி, அறிக்கையை இணைத்துக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். அப்படி எழுத முடிந்தால் நாமே அதைப் படித்துப் பொருள் சொல்லி, நம் மாணவரை அமைதிப்படுத்துகிறோம். எழுத முடியாதெனில் பம்பை மாற்றி, வண்டியை ஓட்டிக் காட்டி, சாவியை அவர் கையில் கொடுங்கள்.