சொல்லாமல் போன டார்ச்

எனக்குச் சீட்டு, சிகரெட், பொடி எதுவும் கிடையாது. டார்ச் லைட் வாங்குவேன், அவ்வளவுதான். வாங்கி உபயோகிக்க மாட்டேன். பரீட்சை வைத்து மார்க் போடுவேன்.

ஆயக்குடியில் மனுஷன் கொய்யாப் பழத்தைத் தரம் பிரிப்பான். இவன் டார்ச்சைத் தரம் பிரிக்கிறானே என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு லெட்ஜர் போட்டிருக்கிறேன். இடது பக்கம், டப்பாவில் அச்சடித்திருப்பது. வலது பக்கம், நிஜம். இரண்டும் டேலி ஆனதாக இதுவரை சரித்திரம் இல்லை.

உதாரணத்துக்கு, 18650 என்று ஒரு பேட்டரி. ரயில் நம்பர் இல்லை ஸார்! குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65, கடைசி சைபர் உருளை வடிவம் என்பதற்கு. சார்ஜ் செய்கிற லித்தியம் அயன் ஜாதி. இதற்குள் நல்ல கம்பெனிக்காரர்களே 3500 மில்லி ஆம்பியர் அவர்தான் அடைக்கிறார்கள். ரொம்ப முக்கினால் இப்போது 4000. தைப்பூசத்துக்குப் பாத யாத்திரை வருகிறவர்களை நம்பி ரோட்டோரம் போட்டிருந்த கடையில் நான் வாங்கியதில் 9900 என்று போட்டிருந்தது!

இந்தப் புளுகைக் கண்டுபிடிக்க லேபரட்டரி எல்லாம் வேண்டாம். கொய்யா மண்டித் தராசு போதும். நல்ல 18650 என்றால் 45 கிராம் பக்கத்தில் நிற்கும். என்னுடைய 9900 பகதூர் 25 கிராம். "கொய்யாவா இருந்தா கழிச்சுப் போட்டிருப்பேன்" என்றார் மண்டிக்காரர்.

அடுத்து, '500 மீட்டர் பாயும்' என்பார்கள். 2009-ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தர விதி கொண்டு வந்தார்கள். அதன்படி, வெளிச்சம் கால் லக்ஸாகக் குறைகிற இடம் வரைக்கும் பாய்வதாகக் கணக்கு. கால் லக்ஸ் என்பது ஏறக்குறையப் பௌர்ணமி நிலா வெளிச்சம். பௌர்ணமியன்று டார்ச்சே வேண்டாமே ஐயா! 'எட்டு மணி நேரம் எரியும்' என்பதும் இப்படித்தான். வெளிச்சம் பத்து சதவீதத்துக்கு இறங்குகிற வரை எரிவதாகவே அர்த்தம்.

இப்படி நான் மார்க் போட்டதில் 92 வாங்கி ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்த ஒரு லித்தியம் டார்ச்சைத்தான், பெருமையோடு என் மாமனாருக்குக் கொடுத்தேன்.

மாமனார் கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறார். ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போவார். கையில் இரண்டு கட்டை போட்ட எவரெடி பித்தளை டார்ச். என் மனைவி பிறப்பதற்கு முன்னால் வாங்கியது. தலையில் ரெண்டு தட்டுத் தட்டினால்தான் எரியும்.

"இனிமே இதைக் கொண்டு போங்க மாமா. பகல் மாதிரி இருக்கும்!"

பத்தாம் நாள் காலையில் வந்தார். டார்ச்சை மேஜைமேல் வைத்தார்.

"லைட்டு நல்ல லைட்டுங்க மாப்ள. பகல் மாதிரிதான் அடிச்சுது. நடு வரப்புல பொசுக்குனு போயிருச்சு."

அமாவாசைப் பக்கம். செல்போன் மோட்டார் ரூமில் இருந்திருக்கிறது. லைட் போவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கட்டுவிரியன் ஒன்று வரப்பை விட்டு வாய்க்காலுக்குள் இறங்கியதைப் பார்த்திருக்கிறார். அது எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியவில்லை. காலை எங்கே வைப்பது?

"அப்புறம்?"

"அப்புறமென்னங்க? நின்னேன். பால்காரன் வண்டி வெளிச்சம் தடத்துல தெரியற வரைக்கும் நின்னேன்."

ஒன்றரை மணி நேரம்! அறுபத்தெட்டு வயசு அவருக்கு. என் மனைவி என்னைப் பார்க்காமல் லெட்ஜரை எடுத்துக்கொண்டுபோய் அடுப்புப் பக்கம் வைத்தாள்.

அன்றைக்கு ராத்திரி அதே டார்ச்சைப் படுக்கை அறையில் எரியவிட்டு, கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். முன்பும் இதையே செய்தவன்தான். ஆனால் எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்த்தேனே தவிர, எப்படி அணைகிறது என்று பார்க்கவில்லை. இந்த லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட். அதிலிருந்து நிதானமாக இறங்கி வரும், கடைசியில் சரசரவென்று சரியும். அடியோடு காலியானால் பேட்டரி கெட்டுவிடும் என்பதால், 2.5 வோல்ட் வாக்கில் வந்ததும் உள்ளே இருக்கிற சர்க்யூட் கரண்டைத் துண்டித்துவிடுகிறது. நல்ல டார்ச்சில் அதற்கு முன் சிவப்பு விளக்கோ, ரெண்டு சிமிட்டலோ வைத்திருப்பார்கள். என் ஸ்டேட் ஃபர்ஸ்டில் அது இல்லை. பேட்டரியைக் காப்பாற்ற ஆள் வைத்தவர்கள், பிடித்திருக்கிறவரை விட்டுவிட்டார்கள்!

பழைய கட்டை பேட்டரி அப்படிப் போகாது. முதலில் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, அப்புறம் பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும். 'மாமா, வீட்டுக்குப் போங்க' என்று அரை மணி முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் சாகும்.

லெட்ஜரை மீட்டு, புதிதாக ஒரு காலம் போட்டேன்: 'சாகும் விதம்'. வீட்டிலிருந்த பதினேழையும் திரும்ப எரித்துப் பார்த்ததில் ஒன்பது சொல்லாமல் போகிற பேர்வழிகள். இரண்டு எரியவே இல்லை. பிளக்கில் சொருகிச் சார்ஜ் ஏற்றுகிற ரகம் அவை, உள்ளே லெட் ஆசிட் பேட்டரி. மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் மூலையில் வைத்திருந்த என் தப்பு.

இப்போது மாமனார் நெற்றியில் சிமிட்டல் வைத்த ஹெட்லைட், இடுப்பில் பித்தளை டார்ச், சட்டைப் பையில் செல்போன் என்று தோப்புக்குப் போகிறார். போன வாரம் வந்தவர் கேட்டார்:

"உங்க நோட்டுல நம்ம பழசுக்கு எத்தனை மார்க்குங்க மாப்ள?"

"பார்த்துச் சொல்றேன் மாமா."

உள்ளே போய்ப் பார்த்தேன். பேனாவில் 11 என்று எழுதி வைத்திருந்தேன். முதல் ஒன்றின் தலையில் ஒரு சுழி போட்டு 91 ஆக்கிக்கொண்டு வந்து காட்டினேன். பி.காம். படித்தது வீண் போகவில்லை!