பக்கவாத நோயாளி வீடு திரும்பும் நாளை முடிவு செய்வது எது?

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரின் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "பிழைச்சுக்குவாரா டாக்டர்?" என்பது. அடுத்த கேள்வி, "எப்போ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?" என்பது. இந்த இரண்டாவது கேள்விக்கான பதில் மூளையின் பாதிப்பை மட்டும் பொறுத்தது அல்ல.

நோயின் கடுமைதான் முதல் காரணம் என்பதில் ஐயமில்லை. மருத்துவர்கள் இதை 0 முதல் 42 வரையுள்ள ஓர் அளவுகோலால் மதிப்பிடுகிறார்கள். எண் கூடக் கூட, படுக்கையில் இருக்கும் நாட்களும் பொதுவாகக் கூடுகின்றன. இரத்தக்குழாய் அடைப்பால் வந்த வாதமானால், அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் வந்தவர்களில் தகுதியுள்ளவர்களுக்கு அடைப்பைக் கரைக்கும் ஊசி போடலாம். தாமதமாக வருபவர் அந்த வாய்ப்பை இழக்கிறார்.

இரண்டாவது காரணம், சேர்ந்த பிறகு வரும் சிக்கல்கள். நிமோனியா, சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண் ஆகியவை ஒவ்வொன்றும் நாட்களை நீட்டிக்கும். வாதம் வந்த பலருக்கு விழுங்கும் திறன் குறைந்திருக்கும். அதைச் சோதிக்கும் முன்பே பாசத்தோடு ஊட்டப்படும் இரண்டு வாய் இளநீர் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

மூன்றாவது காரணம் சிகிச்சை அமைப்பு. இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டு லண்டனிலும் மான்செஸ்டர் வட்டாரத்திலும் பக்கவாத சிகிச்சை சில சிறப்பு மையங்களுக்கு மாற்றப்பட்டது. லண்டனில் எல்லா நோயாளிகளும் எட்டு மையங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மான்செஸ்டரில் 4 மணி நேரத்திற்குள் வந்தவர்கள் மட்டுமே சிறப்பு மையங்களுக்கு அனுப்பப்பட்டனர். 2014இல் வெளியான ஆய்வின்படி மருத்துவமனை நாட்கள் லண்டனில் 1.4, மான்செஸ்டரில் 2 எனக் குறைந்தன. ஆனால் நாட்டின் பிற பகுதிகளைவிட இறப்பு கூடுதலாகக் குறைந்தது லண்டனில் மட்டுமே. நாட்கள் குறைந்தாலே சிகிச்சை சிறந்தது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

நான்காவது காரணம் வீடு. மாடிப்படி ஏற வேண்டிய வீடா? கழிப்பறை எப்படிப்பட்டது? பகலில் உடனிருக்க யார்? தினக்கூலிக்குப் போகும் மகன் எத்தனை நாள் வேலையை விடுவான்? நம் நாட்டில் பணம் தீர்ந்ததால் வீடு திரும்புபவரும் உண்டு, குணமாகித் திரும்புபவரும் உண்டு. பதிவேட்டில் இருவருக்கும் "டிஸ்சார்ஜ்" என்ற ஒரே சொல்தான்.

"மீதியை வீட்டில் குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்று விட்டுவிடலாமா? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. உறவினருக்குப் பயிற்சி தந்து வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி செய்ய வைத்தும், ஆறு மாத முடிவில் இறப்போ, பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ குறையவில்லை என்று 2017இல் முடிவு வெளியானது. பாசம் மட்டும் இயன்முறை மருத்துவருக்கு ஈடாகாது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டிற்கே சென்று அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. நோயாளி கட்டிலை விட்டு இறங்கும் முன்பே அவர் பெயர் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். எத்தனை நாள் இருந்தார் என்று எண்ணுவதோடு நில்லாமல், போன பின் எழுந்து நடந்தாரா என்றும் மருத்துவமனைகள் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும் நாளே அவர் உண்மையில் வீடு திரும்பிய நாள்.