வன்கூவரின் ஹொக்கி இரவு: காட்சி எப்போது சாட்சியமாகிறது?

2011 ஜூன் 15 அன்று கனடாவின் வன்கூவர் நகரில் ஸ்ரான்லி கிண்ண இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் நடைபெற்றது. வட அமெரிக்க ஐஸ் ஹொக்கியில் இதைவிடப் பெரிய கிண்ணம் இல்லை. நான்கு ஆட்டங்களில் முதலில் வெல்லும் அணிக்கே அது கிடைக்கும். வன்கூவர் கனக்ஸ், பொஸ்ரன் புருயின்ஸ் ஆகிய இரு அணிகளும் தலா மூன்றில் வென்றிருந்தன. 1970 முதல் இந்த லீக்கில் விளையாடிவரும் வன்கூவர் அணி ஒரு தடவைகூட அந்தக் கிண்ணத்தை வென்றதில்லை. அன்றும் சொந்த அரங்கில் 4–0 என்று தோற்றது. சற்று நேரத்தில் நகர மையத்தில் கார்கள் எரிந்தன, கடைகள் உடைத்துச் சூறையாடப்பட்டன. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இலட்சக்கணக்கானோர் அப்படியே கலவரத்தையும் நேரலையாகப் பார்த்தார்கள்.

அன்றிரவு எவரும் கொல்லப்படவில்லை. எங்களுடைய வன்முறை வரலாற்றுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் இது மிகச் சிறிய சம்பவம். ஆனாலும் அதைத் தொடர்ந்து நடந்தவற்றை நாங்கள் கவனமாகப் படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு வன்செயலைப் பல ஆயிரம் கமராக்கள் பதிவுசெய்தால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதை அது காட்டுகிறது. காணொளிகளையும் புகைப்படங்களையும் கையில் வைத்துக்கொண்டு நீதிக்காகக் காத்திருக்கும் ஒரு சமூகத்துக்கு இது முக்கியமான கேள்வி.

முதலில் தொலைக்காட்சியின் பங்கு. அரங்கினுள் இருந்தவர்கள் ஏறத்தாழ 19,000 பேர்தான். ஆட்டத்தை ஒளிபரப்பிய சி.பி.சி. நிறுவனத்தின் கட்டடம் அமைந்துள்ள பகுதியில், ஜோர்ஜியா வீதியை மறித்துப் பெருந்திரைகள் வைக்கப்பட்டிருந்தன. நகர மையத்தில் திரண்டவர்கள் சுமார் 155,000 பேர் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. 2010 குளிர்கால ஒலிம்பிக்கின்போது இதே வீதிகளில் மக்கள் அமைதியாகக் கொண்டாடியதால் நகர நிர்வாகத்துக்கு நம்பிக்கை கூடியிருந்தது. ஆனால் 1994 ஜூனிலும் இதே அணி ஏழாவது ஆட்டத்தில் தோற்று, இதே நகரில் கலவரம் வெடித்திருந்தது. அந்த ஆட்டம் நடந்தது நியூயோர்க்கில். அன்று வன்கூவர் வீதிக்கு வந்தவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தவர்களே. 2011 கலவரத்தை ஆராய்ந்த மாகாண அரசின் மீளாய்வு அறிக்கை, 'நகரமே விளையாட்டரங்கான இரவு' என்று தன்னைப் பெயரிட்டுக்கொண்டது. திரை வைத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமான கூட்டம், அளவுமீறிய மது, போதாத திட்டமிடல் என்பவற்றையே அது பேசியது.

ஆனால் முதல் நாள் பேச்சு வேறாக இருந்தது. இதைச் செய்தவர்கள் உண்மையான இரசிகர்கள் அல்லர், ஒரு சிறு குற்றக் கும்பலும் அராஜகவாதிகளுமே என்று பொலிஸ் தரப்பும் நகரத் தலைமையும் கூறின. தொலைக்காட்சிகளும் அதையே திரும்பச் சொன்னன. வழக்குகள் வந்தபோதோ, நின்றவர்களில் பெரும்பாலோர் சாதாரண இளைஞர்கள். பலருக்கு முன்னர் எந்தக் குற்றப் பதிவும் இல்லை. 'எங்கள் பிள்ளைகள் இப்படிச் செய்யமாட்டார்கள்' என்ற ஆறுதலுக்காகவே அந்தப் பெயர் சூட்டப்பட்டது.

பெயர் சூட்டுவதன் மறுபக்கத்தை எங்களுடைய மக்கள் அதே மாகாணத்தில் அனுபவித்திருந்தார்கள். பத்து மாதங்களுக்கு முன்னர், 2010 ஆகஸ்டில், 492 தமிழர்களுடன் எம்.வி. சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரைக்கு வந்தது. கப்பல் கரையை அடையும் முன்னரே, அதில் ஆட்கடத்தல்காரர்களும் பயங்கரவாதிகளும் இருக்கக்கூடும் என்று கனடாவின் அமைச்சர் பேசினார். தூரத்திலிருந்து எடுத்த கப்பல் தளத்தின் காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அதில் வந்தவர்கள் பெண்கள், குழந்தைகள் உட்படத் தடுத்து வைக்கப்பட்டார்கள். பலருக்கு அது மாதக்கணக்கில் நீடித்தது. வீதியில் காரை எரித்தவர் 'இரசிகர் அல்லாதவர்' ஆனார். கடல் கடந்து வந்தவர் விசாரணைக்கு முன்னரே சந்தேகநபர் ஆனார். காட்சி தானாக எதையும் சொல்வதில்லை. அதற்கு யார் பெயர் வைக்கிறார்கள் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது.

இதற்கு இன்னோர் உதாரணமும் அன்றிரவு கிடைத்தது. கலகத் தடுப்புப் பொலிஸாருக்கு நடுவே, வீதியில் விழுந்து கிடந்து முத்தமிடும் ஓர் இளம் சோடியின் படம் உலகெங்கும் பரவியது. எடுத்தவர் ரிச்சர்ட் லாம் என்ற புகைப்படக் கலைஞர். காதலின் வெற்றி என்று தொலைக்காட்சிகள் அதைக் கொண்டாடின. பின்னர்தான் தெரிந்தது, பொலிஸார் முன்னேறியபோது அந்தப் பெண் கீழே விழுந்து அடிபட்டிருந்தார். அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார் அவரது நண்பர். படத்தில் பொய் இல்லை. ஆனால் முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பது அதில் இல்லை.

மறுநாள் காலை இரு விதமான மக்கள் எதிர்வினையைக் காணமுடிந்தது. நூற்றுக்கணக்கானோர் துடைப்பங்களோடு வந்து வீதியைக் கூட்டினார்கள். உடைந்த கடைக் கண்ணாடிகளுக்குப் பதிலாக அடிக்கப்பட்ட பலகைகளில் மன்னிப்பும் வருத்தமும் எழுதினார்கள். அதே வேளையில், கலவரக்காரர்களின் முகங்களை பேஸ்புக்கில் போட்டு, பெயரைக் கண்டுபிடித்து, வேலையிலிருந்து நீக்கக் கோரும் வேட்டையும் தொடங்கியது. பதின்ம வயதினர்கூட அதிலிருந்து தப்பவில்லை. நீதிமன்றம் விசாரிக்கும் முன்னரே குடும்பங்கள் தண்டிக்கப்பட்டன.

பொலிஸார் அவசரப்படவில்லை. பொதுமக்களும் ஊடகங்களும் கொடுத்தவை உட்பட சுமார் 5,000 மணி நேரக் காணொளியை அமெரிக்காவின் இந்தியானாபொலிஸிலுள்ள ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று, ஒவ்வொரு முகத்தையும் நேரத்தையும் இடத்தையும் பொருத்திப் பார்த்தார்கள். அந்த ஆகஸ்டில் நடந்த இலண்டன் கலவரத்துக்குச் சில நாட்களிலேயே தண்டனை கிடைத்தது. வன்கூவரில் முதற் குற்றச்சாட்டுகளுக்கே மாதங்கள் ஆயின, கண்டனமும் எழுந்தது. ஆனால் இறுதியில் 301 பேர் மீது குற்றம் சுமத்தப்பட்டது. 284 பேர் ஒப்புக்கொண்டார்கள். வழக்குத் தொடுக்க ஏறத்தாழ 5 மில்லியன் டொலர் செலவானது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அரசுக்கும் மக்கள் கோபத்துக்கும் இடப்பட்ட கடிவாளம்தான். சாரதி அனுமதிப்பத்திரப் படங்களை வைத்திருக்கும் மாகாணக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம், தனது முகமறியும் மென்பொருளைப் பொலிஸாருக்குத் தர முன்வந்தது. நீதிமன்ற உத்தரவின்றி அதைப் பயன்படுத்தக்கூடாது என்று மாகாணத் தனியுரிமை ஆணையாளர் தீர்மானித்தார். கலவர வழக்குகளைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப மாகாண அரசு விரும்பியது. முதல் தண்டனை விசாரணையிலேயே நீதிபதி அதற்கு அனுமதி மறுத்தார். கலவரத்தைப் பார்த்த கண்களுக்குத் தண்டனையையும் காட்சியாக்கும் முயற்சி அத்துடன் நின்றது.

இனி எங்கள் பக்கம். வன்கூவர் எரிந்ததற்கு முதல் நாள் இரவு, 2011 ஜூன் 14 அன்று, பிரித்தானியாவின் சனல் 4 'இலங்கையின் கொலைக்களங்கள்' ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்படும் காணொளி உண்மையானதே என்று அதற்கு இரு வாரங்களுக்கு முன்னர்தான் ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர் கிறிஸ்ரோவ் ஹெய்ன்ஸ் மனித உரிமைகள் பேரவையில் தெரிவித்திருந்தார். இலங்கை அரசாங்கம் அதைப் போலி என்றது. ஒரே வாரத்தில் ஓர் அரசு மக்களிடம் காணொளி கேட்டு வாங்கியது. இன்னோர் அரசு தன் முன் வைக்கப்பட்ட காணொளியை நிராகரித்தது.

1983 ஜூலையில் பொரளையில் எடுக்கப்பட்ட படம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நிர்வாணமாக்கப்பட்டு அமர்ந்திருக்கும் தமிழர், அவரைச் சுற்றிச் சிரிக்கும் இளைஞர்கள். முகங்கள் தெரிகின்றன. கறுப்பு ஜூலையை விசாரிக்க ஜனாதிபதி உண்மை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது 2001இல், 18 ஆண்டுகளுக்குப் பிறகு. குறைந்தது கமரா இல்லை என்பதல்ல அங்கு பிரச்சினை.

வன்கூவரில் அரசு விசாரணையாளர், எங்களிடத்தில் அரசே குற்றஞ்சாட்டப்பட்ட தரப்பு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, படங்கள் வெளிவந்தால் நீதி தானாக வரும் என்று நம்பி நாங்கள் பல ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். அதனால்தான் சுதந்திரமான வழக்குத்தொடுநர், சர்வதேசப் பங்களிப்புள்ள பொறிமுறை என்ற கோரிக்கைகள் வெறும் அரசியற் சுலோகங்கள் ஆகமாட்டா.

எங்கள் கையிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் சமூக ஊடகங்களில் பகிரப்படும் படங்களில் எத்தனையில் எடுத்த நாள், இடம், எடுத்தவர் பற்றிய குறிப்பு இருக்கிறது? மூலப் பிரதியை வைத்திருப்பவர் யார்? இசை சேர்த்து, வெட்டி ஒட்டிப் பகிரும் ஒவ்வொரு தடவையும் அதன் சாட்சிய மதிப்பு குறைகிறது. தவறான படத்தை முள்ளிவாய்க்கால் என்று பகிர்ந்தால் மறுப்பவர்களுக்கு நாங்களே வாய்ப்புக் கொடுக்கிறோம். வன்கூவரில் எரிந்த கார்களுக்காக ஆயிரக்கணக்கான மணி நேரக் காணொளியை நிமிடம் நிமிடமாக வரிசைப்படுத்தினார்கள். எங்கள் மக்களின் உயிர்களுக்காக அந்தப் பொறுமையான வேலையைச் செய்யவேண்டிய நாள் வரும்போது, ஒப்படைக்கக்கூடிய நிலையில் எங்கள் பதிவுகள் இருக்கவேண்டும்.