தலையணை

நியூஸிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி. நோயாளியின் தலைக்கு வைத்திருந்த தலையணையை எடுத்து, வீங்கிய காலுக்கு அண்டைக் கொடுக்கிறாள் நர்ஸ். உபகாரந்தான். ஆனால் நோயாளி அத்தேசத்து ஆதிக்குடிகளான மாவோரி ஜனங்களைச் சேர்ந்தவராயிருந்தால் அவர் முகம் சுருங்கிவிடும். அவர்களுக்குத் தலை புனிதமானது. தலைக்கு உரியது வேறு அங்கத்துக்கு ஆகாது. தலையணைமேல் உட்காரக்கூடாதென்று நம் பாட்டிமார் அதட்டியதை நினைத்துக்கொண்டால், நமக்கு இது விளங்காமற் போகாது. பிரசவமானதும் நஞ்சுக்கொடியை மண்ணில் புதைப்பதும் அவர்கள் வழக்கம். நிலத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் அவர்கள் பாஷையில் 'ஃபெனுவா' என்று ஒரே சொல். அதைக் கழிவோடு கழிவாக எரித்துவிட்டால் தாயின் மனம் என்ன பாடுபடும்!

1988-ல் அங்கே நடந்த ஒரு கூட்டத்தில், நர்ஸ் தொழில் பயின்றுவந்த மாவோரி மாணவி ஒருத்தி எழுந்தாள். சட்டப் பாதுகாப்பு, சிகிச்சைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுக்குப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டாள். அந்தக் கேள்வியை இரிஹபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி நர்ஸ் விடாமல் பற்றிக்கொண்டார். 1992-ல் நர்ஸிங் கவுன்ஸில் அதைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்தது. பத்திரிகைகளில் பெருங்கூச்சல் எழுந்தது.

மாவோரி வழக்கங்களை நெட்டுருப் போடுவதுதான் பாடம் போலும் என்று நாமும் முதலில் எண்ணினோம். அம்மையார் சொன்னது அதுவன்று. நர்ஸ் ஆராய வேண்டியது தன் மனத்தை. தன் கையிலுள்ள அதிகாரத்தை. சிகிச்சை பாதுகாப்பாயிருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவரும் நோயாளியே.

இது வெறும் மரியாதைப் பிரச்னையன்று. கானடாவில் வின்னிபெக் நகரத்து ஆஸ்பத்திரியில், 2008-ல், சக்கர நாற்காலியில் வந்த ஆதிக்குடி மனிதர் ஒருவர் 34 மணி நேரம் காத்திருந்து அங்கேயே மாண்டார். அவருக்கு வந்திருந்தது சிறுநீர்ப்பை நோய், குணப்படுத்தக் கூடியது. குடித்திருக்கிறார், அல்லது தங்க இடமின்றி ஒதுங்கியிருக்கிறார் என்று சிப்பந்திகள் சிலர் தாமாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். தலையணை விதிகள் அத்தனையும் மனப்பாடமாயிருந்தாலும் அவரைக் காப்பாற்றியிராது.

ராம்ஸ்டன் அம்மையார் 2003-ல் காலமானார். 2019-ல் நியூஸிலாந்து மருத்துவக் கவுன்ஸில் டாக்டர்களுக்கும் இதே கொள்கையை வகுத்தது. நர்ஸுகள் நின்ற இடத்துக்கு டாக்டர்கள் வந்து சேர 27 வருஷம் பிடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டருக்காகக் காத்திருந்து பழகிய நேயர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது.